தண்ணி தவிக்கு

பத்தரைக்கு வரச் சொன்னது. ஆவுடையப்பன் பத்தே காலுக்கே வந்து ஹெச்.எம். அறைக்கு வெளியே வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த பிறகுதான், ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் இப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம் இருக்கும் என்று தோன்றியது. ஜங்ஷனில் ஜவுளிக்கடை, பட்டு செக்ஷன், பதினாலு வருஷம். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை அடைக்கிற வரை நின்ற நிலைதான். வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை, விற்கிறவனுக்குத் தரை. கால் இரண்டும் இப்போது செய்ய வேலையில்லாமல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. நேற்று டீ குடிக்க இறங்கின ஐந்து நிமிஷத்தில்தான் போன் வந்தது. மதிவதனி அப்பாவா பேசுறது, நான் ஹெச்.எம். ஜெபராணி. உங்க பிள்ளை மத்த பிள்ளைங்க பேக்கைத் திறந்து தண்ணி பாட்டிலை எடுத்துக் குடிக்கிறா சார், ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை, ஒரு பேரண்ட் எழுதியே குடுத்திருக்காங்க, நாளைக்கு நீங்களும் அவ அம்மாவும் வாங்க. சரிங்க டீச்சர் என்றான். அவ அம்மாவிடம் சொல்லவில்லை. ராத்திரி சோறு போடும்போது பிரமு, என்ன ஒரு மாதிரியா இருக்கிய, கடையில யாரும் எதுவும் சொன்னாவளா என்றாள். ஒண்ணுமில்ல, கால் வலிக்கு என்றான். கால் வலிக்கத்தான் செய்தது. பொய் சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் கிடக்கிற ஒரு உண்மையை எடுத்துப் போர்த்திக்கொண்டால் போதும், குளிராது. பிள்ளை பாயில் படுத்துக்கொண்டு அவனையே பார்த்தது. அதற்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வைத்துக் கேட்டிருப்பார்கள். ஏன் எடுத்தாய், உன் பாட்டில் எங்கே, உன் பாட்டிலில் தண்ணீர் எங்கே. அது என்ன சொல்லிற்றோ. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா என்று வாயைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

தண்ணீர் எங்கே என்றால் வாய்க்காலில். வேறெங்கே. பிரமு காலையில் சுடவைத்து ஆறவைத்து, வெட்டிவேர் ஒரு துண்டு கிள்ளிப் போட்டு, அந்த ஊதா நிற பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடியைத் திருகுவாள். சிந்தாமல் இருக்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பாள். பிறகு மாற்று ஜட்டி ஒன்று, பாவாடை ஒன்று, மஞ்சள் கவரில் சுருட்டிப் பையின் அடியில். அவளுக்கு அதில் வெட்கம் கிடையாது. பிள்ளை மோளத்தான் செய்யும், இது என்ன ஊர்ல நடக்காததா என்பாள். எக்ஸெல் வண்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு அவன்தான் கொண்டுவிடுவது. வாய்க்கால் பாலம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டுவான். முதல் நாள், பாட்டிலை எடு என்றான். எடுத்தாள். மூடியைத் திருகித் தண்ணீரைக் கீழே சாய்த்தபோது அது வாய்க்கால் தண்ணீரில் விழுந்து நாலு குமிழி விட்டு அடையாளமில்லாமல் போனது. தண்ணீரைத் தண்ணீரில்தானே ஊற்றுகிறோம், இதில் என்ன பாவம் என்றுகூட மனசு ஒரு நியாயம் கண்டுபிடித்தது. மனசுக்கென்ன, கடையில் சாயம் போகிற சேலைக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறது. எதுக்குப்பா கொட்டுதிய. குடிச்சாத்தானே வருது, குடிக்கலைன்னா எப்படி வரும், ஒரு மாசம் பாப்போம், அப்புறம் யாரும் உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாவ. அம்மாட்ட சொல்லாத, என்ன. சரிப்பா. மறுநாளும் நிறுத்தினான். அதற்கு மறுநாள் அவன் நிறுத்துவதற்கு முன்னாலேயே அவளே பையைத் திறந்து பாட்டிலைக் கையில் வைத்திருந்தாள். மூடியைக்கூடத் திருகி வைத்திருந்தாள். கடைக்கு நேரமாகிவிட்டிருந்தது, வாங்கிச் சாய்த்தான். வெயில் ஏறின ஒரு நாள், அவன் சாய்த்துக்கொண்டிருக்கும்போது பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி, தண்ணி தவிக்குப்பா என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். மழை வரும் போலிருக்கு என்பதைப் போல. பேசாம இருந்தேன்னா தவிக்காது என்று வண்டியை எடுத்தான்.

பேசாமல் இருந்தால் தவிக்காது. அது அவன் கண்டுபிடித்த வித்தை இல்லை. கடையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கக்கூஸ் நாலாவது மாடியில், செக்ஷன் முதல் மாடியில். போக வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், கல்யாண முகூர்த்தம் நெருங்கினால் சொல்ல முடியாது, சொன்னாலும், இப்பத்தான போனீரு, உமக்கு என்னவே கிணறா இருக்கு வயித்துல என்று பத்துப் பேர் முன்னால் கேட்பார். அதனால் பட்டு செக்ஷனில் யாரும் மத்தியானம் வரை தண்ணீரைத் தொடுவதில்லை. பெண்பிள்ளைகள் ஆறு பேர் நிற்கிறார்கள், அவர்கள் சாயங்காலம் வரைக்கும்கூடத் தொடுவதில்லை. ஒருத்தி எச்சிலை விழுங்கியே பழகிட்டேன் அண்ணாச்சி என்று சிரித்தாள். அவனுக்கும் பழகிவிட்டது. நீர் கடுத்துப் போகும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், வாடிக்கையாளரிடம் பேசும்போது உதட்டோரம் வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். பதினாலு வருஷம் ஒன்றும் ஆகவில்லையே. பொய். ஒருநாள் ஆகியிருக்கிறது. தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, காலையிலிருந்து அடக்கி அடக்கி, நாலு மணிக்குப் படி ஏறுகையில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் கொஞ்சம் போய்விட்டது. முப்பத்து நாலு வயசில். பேன்ட்டில் ஒரு கையகலம். குழாயில் கை கழுவினபோது தெறிச்சிட்டு என்று அவனே முந்திக்கொண்டு எல்லாரிடமும் சொன்னான், யாரும் கேட்காமலே. எல்லாரும் நம்பினார்கள். நம்பினார்களோ, அவர்களுக்கும் ஒரு நாள் குழாயில் தெறித்திருக்குமோ. அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வித்தியாசம். அது நடந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதே படியில்தான் தினமும் ஏறுகிறான், ஆனால் பாலத்தில் பாட்டிலை முதலில் சாய்த்த அன்று அவனுக்கு அந்தப் படி ஞாபகம் வரவேயில்லை. ஞாபகம் வந்தது வேறொன்று. கடை. வெள்ளை மெத்தை.

பிள்ளை நனைப்பது ஜூன் மாசம் இரண்டாம் வகுப்பு திறந்ததிலிருந்துதான் ஆரம்பம். வாரத்துக்கு ஒருநாள், பிறகு ரெண்டு நாள். பிரமுவின் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஆவணியில் கடைக்கு வந்தார்கள். பிரமு, அவள் தங்கச்சி, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள், பிள்ளை. அவன் செக்ஷனுக்கே வந்தார்கள், அவனே விரித்துப் போட்டான். வேலை பார்க்கிற இடத்தில் தன் ஆட்கள் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து அதைக் காட்டு இதைக் காட்டு என்று சொல்லும்போது அவனுக்கு ஒரு பெருமை, இல்லையென்று சொல்ல முடியாது. பிள்ளை வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தது. எழும்பின இடத்தில் ஈர வட்டம். மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் பார்த்தாள். அய்ய என்றாள், அவ்வளவுதான் சொன்னாள், அந்த மூணெழுத்து இன்னும் காதுக்குள் கிடக்கிறது. சூப்பர்வைசர் ஓடி வந்து, பரவால்ல பரவால்ல பச்சப்பிள்ளைதான என்று சிரித்துக்கொண்டே சேலைகளைத்தான் முதலில் அள்ளினார். விரிப்பை உருவி, அடியிலிருந்த மெத்தையைத் திருப்பிப் போட்டு, வேறு விரிப்பு விரித்து, எல்லாம் மூணு நிமிஷம். உருவின விரிப்பை அவன் கையில்தான் கொடுத்தார்கள். ஈரத்தை உள்ளே வைத்துச் சுருட்டிக்கொண்டு படி இறங்கும்போது பிள்ளை கூடவே வந்தது, அப்பா நான் சொல்ல நினைச்சேம்ப்பா, நீங்க பேசிட்டிருந்திய என்றது. ஏழு வயசு ஆகப்போகிறது, கழுதை, இன்னும் இது தெரியாதா என்றான். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட ஒருநாளில் போயிருக்கும். அவனுக்குக் கோபம் பிள்ளை நனைத்ததில் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் பார்த்ததில் என்று அன்றைக்கே தெரிந்திருந்ததா, இன்றைக்குத்தான் தெரிகிறதா. டாக்டர்ட்ட காட்டுவோம் என்று பிரமு நாலு தடவை சொன்னாள். டாக்டர்ட்ட போயி என்னன்னு சொல்லுவ, பிள்ளை ஒண்ணுக்கு இருக்குன்னா, கம்பவுண்டர் சிரிப்பான் என்றான். நாலு தடவையும்.

செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், கையில் துணிப்பை, வந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். ஹெச்.எம். உள்ள இருக்காங்களா அண்ணாச்சி. கிளாஸ் எடுக்காங்களாம், இப்ப வந்துருவாங்க. உங்க பிள்ளை எந்த கிளாஸ். அவன் வாயைத் திறந்தான், மூணாப்பு என்று வந்தது. அவனே எதிர்பார்க்கவில்லை. வந்த சொல்லைத் திரும்ப விழுங்க முடியாது. எம்பொண்ணு ரெண்டாப்பு, தியா என்றாள் அவள். வந்த விஷயத்த கேட்டியன்னா சிரிப்பிய அண்ணாச்சி. தண்ணிப் பஞ்சாயத்து. இவ கிளாஸ்ல ஒரு பொண்ணு இருக்கு, நின்ன நிலையில நனைச்சிரும், ஈரத்தோட வந்து பக்கத்துல உக்காந்துக்கிடும். லீக்கேஜுன்னு பேரு வச்சிருக்குதுவ பிள்ளைய. நானே தியாவ ஏசினேன், அப்படில்லாம் சொல்லாதட்டின்னு. லீக்கேஜ். அவனுக்கு அந்தப் பெயர் இப்போதுதான் தெரியும். பிள்ளைக்கு எத்தனை மாசமாகத் தெரியும். வீட்டில் ஒருநாள் குழாய் ஒழுகி, பிளம்பரைக் கூப்பிடணும், லீக்கேஜ் ஜாஸ்தியாயிட்டு என்று அவன் பிரமுவிடம் சொன்னபோது பிள்ளை எழுந்து உள்ளே போனதே, அது அன்றைக்கா. அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது சின்னப்பிள்ளை, போவட்டும்னு விட்டா, இப்ப பேக்கைத் திறந்து பாட்டில எடுத்து வாய வச்சுல்ல குடிக்கி. இவளுக்கு ரெண்டு வாரமா தொண்டைல புண்ணு. கேட்டா திருதிருன்னு முழிக்காம். வீட்ல இருந்து காலி பாட்டிலக் கொண்டு வருதாம் அண்ணாச்சி, மூடி போட்டு, சும்மா கணக்குக்கு. ஒரு மடக்கு தண்ணி ஊத்திக் குடுக்க முடியாத அப்பன் ஆத்தா. பெத்துப் போட்டா ஆச்சா. அவன், ஆமா என்றான். ஆமா என்று சொன்னான். திருடனைத் தேடுகிற கூட்டத்தோடு திருடனும் சேர்ந்து ஓடுவான் என்று சொல்லுவார்கள், அந்தத் திருடன் எப்படி மூச்சு வாங்காமல் ஓடினான் என்று யாரும் சொன்னதில்லை. அந்த அம்மாள் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, ஆனா பாவமாத்தான் இருக்கு, தவிச்சாத்தானே அடுத்தவ பாட்டில எடுக்கும் என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

தவிச்சாத்தானே. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொம்பைத் தூக்கி மடக்கு மடக்குன்னு குடிக்கா, மூச்சு விடாம குடிக்கா, என்னன்னே தெரியல, ஒண்ணுக்கும் போயிட்டே இருக்கா, இதுக்கு சுகர் கிகர் இருக்குமோ என்று போன வாரம் பிரமு கேட்டாள். அவள் அண்ணன் மகன் ஒருவனுக்குச் சின்ன வயசிலேயே சுகருக்கு ஊசி போடுகிறார்கள். அவள் ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் பிள்ளையின் காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், புண் ஏதும் இருக்கிறதா என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுகருமில்லை ஒண்ணுமில்லை, நான்தான் என்று ஒரு வரி. சும்மா பயப்படாத என்றான். வெளிக்கும் போக மாட்டேங்கா, முக்கி முக்கி அழுதா, ஆட்டுப் புழுக்கை மாதிரி வருது, வயிறு கல்லாட்டம் இருக்கு என்றாள். வாழைப்பழம் குடு என்றான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. இத்தனைக்கும் நனைப்பது நின்றதா என்றால் நிற்கவில்லை, அதுதான் கூத்து. வாரத்துக்கு ரெண்டு நாள் இருந்தது நாலு நாளாயிற்று. குடிக்காமலே எப்படி வருகிறது என்று அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அதற்காக அவன் நிறுத்தினானா. சரியாகக் கொட்டவில்லையோ என்று பாட்டிலைத் தட்டித் தட்டிக் கடைசிச் சொட்டு வரை பார்த்தான். இப்போது வராந்தாவின் அந்தக் கோடியில், மைதானத்துக்கு அப்பால், தகரக் கதவு போட்ட கக்கூஸ் தெரிந்தது. கதவு ஒரு கீலில் தொங்கியது. ஒரு சின்னப் பெண் உள்ளே போக, இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கதவைப் பிடிக்க ஒரு கூட்டாளி வேண்டும். கூட்டாளி இல்லாத பிள்ளை என்ன செய்யும். லீக்கேஜ் என்று பெயர் வைத்த பிள்ளைகளில் யார் வந்து லீக்கேஜுக்குக் கதவு பிடிக்கும். ஒருநாள்கூட அவன் கேட்டதில்லை. ஏன் நனைக்கிறாய் என்று நூறு தடவை கேட்டிருக்கிறான், எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று ஒரு தடவை கேட்டதில்லை.

டீச்சர் வகுப்பறைப் பக்கத்துக் கதவு வழியாக வந்திருக்க வேண்டும், உள்ள வாங்க என்று ஆயா கூப்பிட்டாள். அவன் எழுந்தான், அந்த அம்மாளும் எழுந்தாள், ரெண்டு பேரும் வாசலில் ஒரே நேரத்தில் நின்றார்கள். மதிவதனி அப்பாதானே, வாங்க சார், அம்மா வரலையா என்றார் ஜெபராணி டீச்சர். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மூணாப்புன்னியளே அண்ணாச்சி என்றாள், குரலில் கோபம்கூட இல்லை. அவன் தரையைப் பார்த்தான். தரையில் பிள்ளையின் கால் தெரிந்தது. டீச்சர் மேசைக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றது. இடுப்பில் பள்ளிக்கூடத்துப் பொதுப் பாவாடை, ரெண்டு சுற்று பெரியது, ஊக்கு குத்தியிருந்தார்கள். இன்றைக்கும் நனைத்திருக்கிறது, பையிலிருந்த மாற்றுப் பாவாடையும் போய். அவன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதே நடந்திருக்கும். பிள்ளை அவனைப் பார்த்ததும் முகத்தில் ஒன்று ஓடிற்று, பயம் இல்லை, அவன் கடையை விட்டுவிட்டு வந்திருக்கிறானே என்ற வருத்தம் மாதிரி ஒன்று. டீச்சர் மெதுவாகத்தான் கேட்டார். சொல்லும்மா, உன் பாட்டில்ல அம்மா தண்ணி ஊத்தித் தராங்களா இல்லையா. தாராங்க டீச்சர். அப்போ தினமும் காலியா இருக்கே, எங்க போகுது. பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது. டீச்சரின் மேசையில் இருந்த உலக உருண்டையைப் பார்த்துக்கொண்டு, நான்தான் கொட்டுதேன் டீச்சர், கேட்டுக்குப் பக்கத்துல செடி இருக்குல்லா, அது வாடிக் கிடக்கு, அதுக்கு ஊத்திட்டேன் என்றது. தடங்கல் இல்லாமல் சொல்லிற்று. நேற்று ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்திருக்கிறது. டீச்சர் பெருமூச்சு விட்டார். செடிக்கு ஊத்தினா நல்லதுதான், ஆனா அதுக்காக அடுத்தவங்க பேக்கைத் திறக்கலாமா, தப்பு இல்லையா, ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லிடு, இதோட விட்டுருவோம், என்ன மேடம். அந்த அம்மாளும், சரி சின்னப்பிள்ளைதானே என்றாள்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷத்தில் எக்ஸெல்லை எடுத்தால் பதினொன்றரைக்குக் கடை, பெர்மிஷன் கூட மிச்சம். பிரமுவுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, நாளையிலிருந்து பாலத்தில் நிறுத்த வேண்டாம், அதற்காவது இன்றைக்கு வந்ததே நல்லதாகப் போயிற்று என்று மனசு ஒவ்வொன்றாக மடித்து மடித்து, கடையில் விரித்த சேலைகளை எல்லாரும் போன பிறகு மடித்து அடுக்குகிற மாதிரி அடுக்கிக்கொண்டே வந்தது. பிள்ளை அந்த அம்மாளுக்கு நேரே வந்து நின்று கையைக் கட்டியது. பாவாடை நழுவிற்று, ஒரு கையால் பிடித்துக்கொண்டது. சாரி ஆன்ட்டி. டீச்சர், இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லு என்றார். பிள்ளை, இனிமே திருட மாட்டேன் ஆன்ட்டி என்றது. அந்தச் சொல்லை அந்த அறையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதுவாகச் சொன்னது.

“அவ கொட்டல டீச்சர்.”

தன் குரல்தானா என்று அவனுக்கே தெரியவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டு பாதிதான் வந்தது. “நான் கொட்டுதேன். தெனமும் வாய்க்கால் பாலத்துல வண்டிய நிப்பாட்டி, நாந்தான் கொட்டுவேன்.”

“நீங்களா? எதுக்கு சார்?”

“நனைக்கக் கூடாதுன்னு.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். “நனைக்கலையா?”

“நனைச்சா.”

“எத்தனை நாளா சார்?”

“ஆவணிலேர்ந்து.” அந்த அம்மாள் விரலை மடக்கி மாசம் எண்ணுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒரு விரல், ரெண்டு, மூணாவது விரலில் நிறுத்திக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.” கடையில் நாங்க எல்லாரும் அப்படித்தான் டீச்சர் என்று சொல்ல வந்தான், அது இந்த அறையில் எதற்கு ஆகும் என்று விட்டுவிட்டான். அந்த அம்மாள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான், ஏசினால் நன்றாயிருக்கும், அய்ய என்றாவது சொன்னால் போதும். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. பிள்ளையின் இடுப்பில் நழுவின பாவாடையை எட்டி இழுத்து, ஊக்கைக் கழற்றி, இறுக்கிக் குத்திவிட்டாள். டீச்சர் மேசைமேல் இருந்த ஜக்கைச் சாய்த்து ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றினார். டாக்டரைப் பாக்கணும் சார், தண்ணி குறைஞ்சா மலம் இறுகும், அது உள்ள அழுத்தி அழுத்தித்தான் இன்னும் ஜாஸ்தியாகும், என் அக்கா பையனுக்கே இருந்தது, இதெல்லாம் சரியாகிற விஷயம் சார் என்று சொல்லிக்கொண்டே டம்ளரைப் பிள்ளையின் பக்கம் நீட்டினார். அவனுக்கு அவர் சொன்னது எதுவும் சரியாக விழவில்லை. அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரின் கை நீண்டபடி இருந்தது. பிள்ளை வாங்கவில்லை. உதட்டை நாக்கால் தடவிற்று. தண்ணீரை ஒருதரம் பார்த்தது, பிறகு கழுத்தைத் திருப்பி, அந்த அறைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, அவனை நேராகப் பார்த்தது.

“குடிக்கலாமாப்பா?”

டீச்சரும் அந்த அம்மாளும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.